வீங்கின குழாய் குற்றவாளி இல்லை: தண்டுவட ரத்தக்குழாய்களைப் படம்பிடித்த கதை

இன்னைக்கு எபிசோடு ஒரு படத்தைப் பத்தி. சரியா சொன்னா, ஐம்பது வருஷமா தப்பா புரிஞ்சுக்கிட்ட ஒரு படத்தைப் பத்தி. அந்தத் தப்பான புரிதலால நடக்க வேண்டிய பல பேர் நடக்க முடியாம போனாங்க. அதனாலதான் இதை ஒரு டெக்னாலஜி வரலாறா மட்டும் என்னால பார்க்க முடியல.

1926. பாரிஸ். ஷார்ல் ஃபுவா, தியோஃபில் அலஜுவானின் என்று இரண்டு நரம்பியல் மருத்துவர்கள் ஒரு கட்டுரை வெளியிடுகிறார்கள். இரண்டு இளைஞர்களின் கதை அது. முதலில் கால் தளர்கிறது. பிறகு உணர்ச்சி குறைகிறது. பிறகு சிறுநீரைக் கட்டுப்படுத்த முடியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக இடுப்புக்குக் கீழே எல்லாமே செயலிழந்து, கடைசியில் இருவரும் இறந்துபோகிறார்கள். பிரேதப் பரிசோதனையில் தண்டுவடத்தின் கீழ்ப்பகுதி செத்துப்போயிருந்தது. அதைச் சுற்றி இருந்த ரத்தக்குழாய்கள் தடித்து, வீங்கி, நெளிந்து கிடந்தன.

அவர்கள் இன்னொரு விஷயத்தையும் எழுதினார்கள். அந்தக் குழாய்களுக்குள் ரத்தம் உறைந்து அடைபடவில்லை என்று. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

இப்போ கேள்வி இதுதான். சம்பவ இடத்துல வீங்கின குழாய் கிடக்குது. பக்கத்துல தண்டுவடம் செத்துக் கிடக்குது. அப்போ அந்தக் குழாய்தான் குற்றவாளியா? இல்ல, அதுவும் அடி வாங்கின ஆளா? இந்தக் கேள்விக்கு பதில் கிடைக்க 1977 ஆச்சு. ஏன் அவ்வளவு நேரம் ஆச்சுங்கிறதுதான் இன்னைக்குக் கதை.

தண்ணி எங்க வருதோ, ஓட்டை அங்க இல்ல

கதைக்குள்ள போறதுக்கு முன்னாடி கொஞ்சம் பிளம்பிங் பார்த்துடலாம்.

தண்டுவடம் சுமார் 45 சென்டிமீட்டர் நீளம். உங்க சுண்டுவிரல் தடிமன்தான் இருக்கும். மூளைக்கும் கால்களுக்கும் நடுவுல போற எல்லாச் செய்தியும் அது வழியாத்தான் போயாகணும். அதுக்கு ரத்தம் கொண்டுவர முன்பக்கம் ஒரு நீளமான தமனி, பின்பக்கம் இரண்டு. இந்த மூணுக்கும் வழியில் ஆங்காங்கே கிளைத் தமனிகள் வந்து ரத்தம் ஊட்டுகின்றன. மகாதமனியிலிருந்து ஒவ்வொரு முதுகெலும்புக்கும் இடமும் வலமுமாகக் கிளைகள் பிரிகின்றன. ஆனால் அவற்றில் சில மட்டும்தான் தண்டுவடம் வரை போய்ச் சேரும். எது போகும், எது போகாது என்பது ஆளுக்கு ஆள் வேறு.

அவற்றில் பெரியது, தண்டுவடத்தின் கீழ்ப்பாதிக்கு ரத்தம் தருவது, அடம்கேவிச் தமனி. போலந்தின் கிராக்கோவ் நகரில் வேலை பார்த்த ஆல்பர்ட் அடம்கேவிச், 1881-82-ல் இறந்தவர்களின் உடலில் சாயம் ஏற்றி, தண்டுவடத்தின் ரத்தக்குழாய்களை விரிவாகப் பதிவு செய்தார். அந்தத் தமனி மேலே ஏறி, டக்கென்று திரும்பிக் கீழே இறங்கும். அம்மா கொண்டையில குத்துற ஹேர்பின் இருக்குல்ல, அதே ஷேப்.

இது ரத்தம் உள்ளே வரும் வழி. வெளியே போவது சிரைகள் வழியாக. தமனியில் அழுத்தம் அதிகம், சிரையில் குறைவு. அந்த வித்தியாசத்தால்தான் நடுவில் இருக்கும் நுண்குழாய்களில் ரத்தம் ஓடுகிறது.

இன்னைக்கு நம்ம கதையோட வில்லன் ஒரு சின்ன ஷார்ட்கட். தண்டுவடத்தைச் சுற்றி டியூரா என்று ஒரு கெட்டியான உறை இருக்கிறது. நரம்பு வெளியே வரும் இடத்தில், அந்த உறைக்குள்ளேயே ஒரு குட்டித் தமனி, நுண்குழாயைத் தாண்டி நேரடியாக ஒரு சிரையோடு இணைந்துவிடுகிறது. இதற்குப் பெயர் டியூரல் ஆர்ட்டீரியோவீனஸ் ஃபிஸ்டுலா. நாம ஃபிஸ்டுலான்னே சொல்லிக்கலாம்.

தமனியின் அழுத்தம் இப்போது சிரைக்குள் பாய்கிறது. தண்டுவடத்தின் மேலிருக்கும் அந்தச் சிரைகளில் ரத்தத்தைத் தடுத்து நிறுத்தும் வால்வுகளும் கிடையாது. அதனால் அழுத்தம் அப்படியே பின்னோக்கிப் பரவுகிறது. தண்டுவடத்திலிருந்து வெளியேற வேண்டிய ரத்தம் வெளியேற முடியாமல் தேங்குகிறது.

சென்னை மழையை நினைச்சுக்கோங்க. தெருக் கால்வாய் நிரம்பிடுச்சுன்னா, தரைத்தள வீட்டு பாத்ரூம் ஓட்டை வழியா தண்ணி மேல வரும். உங்க வீட்டு பைப்புல ஒரு பிரச்சினையும் இல்ல. பாத்ரூம் முழுக்க உடைச்சுப் போட்டாலும் தண்ணி நிக்காது. அடைப்பு இருக்கிறது ரெண்டு தெரு தள்ளி. தண்டுவடத்துலயும் அப்படித்தான். ஃபிஸ்டுலா நெஞ்சு நடுவுல ஒரு எலும்பு மட்டத்துல இருக்கும். பாதிப்பு தண்டுவடத்தோட அடி நுனியில தெரியும். வீங்கின சிரை கண்ணுக்குப் பெருசா தெரியும். ஃபிஸ்டுலாவோ தேடித் தேடிப் பார்த்தாலும் கிடைக்காத அளவுக்குச் சின்னது.

மருத்துவர்கள் பல வருஷமா அந்த பாத்ரூமைத்தான் உடைச்சுக்கிட்டிருந்தாங்க.

கசகசா எண்ணெயில் தெரிந்த பாம்பு

1895 நவம்பரில் ராண்ட்ஜென் எக்ஸ்ரேவைக் கண்டுபிடிக்கிறார். 1896 ஜனவரிக்குள், அதாவது சில வாரங்களிலேயே, வியன்னாவில் ஹாஷெக், லிண்டென்தால் என்ற இருவர் ஒரு பிணத்தின் கையை எடுத்து, அதன் ரத்தக்குழாய்களில் சுண்ணாம்பும் பாதரசச் சேர்மமும் கலந்த கலவையை ஏற்றிப் படம் எடுத்துவிட்டார்கள். ஒரு படத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆனது. கையில் குழாய்கள் மரக்கிளை மாதிரி அழகாகத் தெரிந்தன. ஆனா அது செத்த கை. உயிரோட இருக்கிறவங்களுக்குப் பாதரசம் ஏத்த முடியுமா?

எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும். ரத்தக்குழாய் தெரியாது, தண்டுவடமும் தெரியாது. உள்ளே எதையாவது செலுத்தினால்தான் தெரியும். உயிருள்ளவர்கள் தாங்கிக்கொள்ளும்படி என்ன செலுத்துவது என்பதுதான் அடுத்த முப்பது ஆண்டுகளின் கேள்வி.

முதல் பதில் 1921-ல் பாரிஸிலிருந்து வந்தது. ஜான் சிகார், ஜாக் ஃபோரெஸ்தியே. கையில் லிபியோடால். கசகசா எண்ணெயில் அயோடின் சேர்த்த மருந்து அது. அயோடின் எக்ஸ்ரேயைத் தடுக்கும் என்பதால் படத்தில் பளிச்சென்று தெரியும். அதை வலிக்கு மருந்தாக முதுகில் ஊசி போட்டுக்கொண்டிருந்தவர்கள், தண்டுவடத்தைச் சுற்றியிருக்கும் திரவத்துக்குள் செலுத்தினால் அது கீழே இறங்குவதை எக்ஸ்ரேயில் பார்க்கலாம் என்று கண்டுகொண்டார்கள். வழியில் கட்டி இருந்தால் எண்ணெய் அங்கேயே நின்றுவிடும். மயலோகிராம் என்ற பரிசோதனை பிறந்தது.

இந்த மயலோகிராமில் சில நோயாளிகளுக்கு ஒரு விசித்திரமான படம் வந்தது. எண்ணெய்க்கு நடுவே பாம்பு நெளிவது போன்ற நிழல். வீங்கிய சிரைகள் எண்ணெயை விலக்கிக்கொண்டு நிற்பதால் வரும் தடம் அது. ரத்தக்குழாயைப் படத்தில் பார்க்கவில்லை. அது இருந்த இடத்தின் வெறுமையைப் பார்த்தார்கள்.

இதுலயும் ஒரு சிக்கல். நோயாளியைக் குப்புறப் படுக்கவெச்சுதான் அந்தக் காலத்துல படம் எடுப்பாங்க. ஊசி முதுகுல குத்தியிருக்குமே! அதுவும் பிற்காலத்துல வந்த எண்ணெய் மருந்துகளைப் படம் எடுத்து முடிச்சதும் அதே ஊசி வழியா வெளிய எடுக்கணும். ஆனா வீங்கின சிரைகள் பெரும்பாலும் தண்டுவடத்தோட முதுகுப் பக்கம் இருக்கு. குப்புறப் படுத்தா எண்ணெய் வயித்துப் பக்கமா இறங்கிடும். சிரைகள்மேல படவே படாது. மல்லாக்கப் படுக்கவெச்சு இன்னொரு தடவை எடுத்தாதான் பாம்பு தெரியும். அப்படி எடுக்காததால 'நார்மல்'னு எழுதி வீட்டுக்கு அனுப்பப்பட்டவங்க இருந்திருக்காங்க. படம் எடுத்ததே தெரியாததுக்குக் காரணமாயிடுச்சு.

லிஸ்பன், ஸ்டாக்ஹோம், ஒரு கம்பி

அடுத்து லிஸ்பன். 1927 ஜூன். எகாஸ் மோனிஸ், உயிரோடு இருக்கும் மனிதரின் மூளை ரத்தக்குழாய்களை முதன்முறையாகப் படம்பிடிக்கிறார். அதற்கு முந்தைய முயற்சிகளில் ஒரு நோயாளி இறந்துபோனார். இதே மோனிஸுக்கு 1949-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் ஆஞ்சியோகிராமுக்கு இல்லை. மனநோயாளிகளின் மூளை நரம்பிழைகளை வெட்டும் லியூகாட்டமி அறுவைச் சிகிச்சைக்கு! இன்று அந்த அறுவையை யாரும் பெருமையாகப் பேசுவதில்லை. பரிசு கிடைக்காத ஆஞ்சியோகிராமோ உலகம் முழுக்கத் தினமும் நடக்கிறது.

அதே லிஸ்பனில் 1929-ல் ரெய்னால்டோ டோஸ் சாண்டோஸ், முதுகு வழியாக நீண்ட ஊசியைக் குத்தி மகாதமனிக்குள்ளேயே மருந்து செலுத்திப் படம் எடுத்தார். தண்டுவடத்துக்குப் போகும் கிளைகள் எல்லாம் மகாதமனியிலிருந்து வருவதால், இது நம் கதைக்கு நெருங்கி வருகிறது.

கூடவே ஆபத்தும் நெருங்கியது. 1930-களில் தோரோட்ராஸ்ட் என்று ஒரு மருந்து பிரபலமானது. படம் அருமையாக வரும், நோயாளிக்கு உடனடித் தொந்தரவு எதுவும் இல்லை. ஆனால் அதில் இருந்தது தோரியம், கதிரியக்கப் பொருள். உடலை விட்டு வெளியேறாது. கல்லீரலில் தங்கி, பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயைக் கொண்டுவந்தது.

இன்னொரு ஆபத்து தண்டுவடத்துக்கே வந்தது. மகாதமனியில் செலுத்திய மருந்து தவறுதலாக அதிக அடர்த்தியில் தண்டுவடத் தமனிக்குள் போய்விட்டால், நோயாளி கால் செயலிழந்து எழுந்திருப்பார். 1949-ல் ஸ்வீடனைச் சேர்ந்த அன்டோனி, லிண்ட்கிரென் இருவரும் இதைப் பற்றி எழுதினார்கள். பதினேழாம் நூற்றாண்டில் நீல்ஸ் ஸ்டென்சன் என்பவர், விலங்கின் மகாதமனியை அடைத்தால் அதன் பின்னங்கால்கள் செயலிழப்பதைக் காட்டியிருந்தார். அதே பரிசோதனை இப்போது மனிதனுக்கு நடந்துவிட்டது என்ற பொருளில் தலைப்பு வைத்தார்கள். படிக்கும்போதே வயித்தைக் கலக்குது, இல்லையா? நோயைக் கண்டுபிடிக்க எடுக்கிற படமே அந்த நோயைக் கொடுக்குது. அதனாலதான் ரொம்ப நாள் தண்டுவட ஆஞ்சியோகிராம் பக்கமே பல பேர் போகல.

வழி திறந்தது 1953-ல். ஸ்டாக்ஹோமில் ஸ்வென் இவார் செல்டிங்கர் என்ற இளம் ரேடியாலஜிஸ்ட். அவரது யோசனை ரொம்ப எளிமையானது. தொடையில் இருக்கும் தமனியில் ஊசி குத்து. ஊசிக்குள் மெல்லிய கம்பியை விடு. ஊசியை உருவு, கம்பி உள்ளேயே இருக்கட்டும். அந்தக் கம்பியின் மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாயைக் கோத்து உள்ளே தள்ளு. கம்பியை உருவு. அவ்வளவுதான். பைஜாமாவில் நாடா கோக்கிற மாதிரி.

பெரிய அறுவை இல்லாமல், சிறு துளை வழியாக, உடம்பின் எந்தத் தமனிக்கும் இப்போது போகலாம். இதயத்துக்கு ஆஞ்சியோ பண்ணிக்கிட்ட உங்க பெரியப்பாவுக்கும் இதே முறைதான். மகாதமனி முழுக்க மருந்தை ஊற்ற வேண்டியதில்லை. ஒவ்வொரு கிளையாகத் தேடிப் போய், அதில் மட்டும் துளி மருந்தைச் செலுத்தலாம்.

ஓடுகிற ரத்தத்தைப் பார்ப்பது

1960-கள். பாரிஸில் ரெனே ஜின்ஜியான், அமெரிக்காவில் பெதெஸ்டாவிலிருக்கும் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஜொவான்னி டி கிரோ, ஜான் டாப்மேன் குழு. இரண்டு பக்கமும் தண்டுவடத் தமனிகளை ஒவ்வொன்றாகப் படம்பிடிக்கத் தொடங்கினார்கள். பொறுமையைச் சோதிக்கும் வேலை. முதுகெலும்பின் ஒவ்வொரு மட்டத்திலும் இடது ஒன்று, வலது ஒன்று. சில நோயாளிகளுக்கு முப்பது கிளைகளுக்கு மேல் தேட வேண்டும். எந்தக் கிளையைத் தவறவிட்டாலும், ஃபிஸ்டுலா அதில்தான் இருந்திருக்கலாம்.

எலும்பு மறைப்பதற்கும் ஒரு வழி இருந்தது. நெதர்லாந்தின் சீட்ஸெஸ் டெஸ் பிளான்டெஸ் 1930-களிலேயே கண்டுபிடித்தது. மருந்து செலுத்தும் முன் ஒரு படம், செலுத்திய பின் ஒரு படம். முதல் படத்தின் தலைகீழ்ப் பிரதியை, அதாவது கறுப்பு வெள்ளையை மாற்றியதை, இரண்டாவதன் மேல் வைத்தால் இரண்டிலும் பொதுவாக இருக்கும் எலும்பு மறைந்துவிடும். மிச்சம் இருப்பது ரத்தக்குழாய் மட்டும். ஃபோட்டோஷாப்ல லேயர் போட்டு பேக்கிரவுண்டை எடுக்கிறோம்ல? அதை ஃபிலிமை வெச்சுக் கையாலயே பண்ணியிருக்காங்க. 1980-களில் கணினி இதே கழித்தலை அங்கேயே, அப்போதே செய்து காட்டத் தொடங்கியது. இன்று ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டில் டிஎஸ்ஏ என்று இருந்தால், டிஜிட்டலாகக் கழித்த ஆஞ்சியோகிராம் என்று அர்த்தம்.

இந்தப் படங்கள்ல புதுசா வந்தது என்ன தெரியுமா? நேரம். மயலோகிராம் ஒரு நிலைப்படம். ஆஞ்சியோகிராம் வரிசையாக எடுத்த படங்கள், கிட்டத்தட்ட ஒரு குட்டி வீடியோ. முதலில் தமனி நிரம்புகிறது, சில நொடிகள் கழித்துச் சிரை நிரம்புகிறது. ஒரு சிரை நிரம்ப வேண்டிய நேரத்துக்கு முன்பே நிரம்பினால், எங்கோ ஒரு ஷார்ட்கட் இருக்கிறது என்று பொருள். ரத்தம் எங்கிருந்து வருகிறது, எந்தப் பக்கம் போகிறது என்று முதன்முறையாகக் கேட்க முடிந்தது.

1968-ல் இரண்டு அமெரிக்கக் குழுக்கள் இன்னொரு படி மேலே போனார்கள். படம் எடுக்கப் போன அதே குழாய் வழியாகச் சிறு துகள்களை அனுப்பி, கோளாறான குழாயை அடைத்தார்கள். படம் எடுக்கிறவரே சிகிச்சை கொடுக்கிறவராவும் ஆயிட்டார்.

இருந்தாலும் பழைய எண்ணம் போகவில்லை. படத்தில் பெரிதாகத் தெரிவது, தண்டுவடத்தின் மேல் நீளமாக நெளியும் சிரை. அதனால் நோய் அதுதான், தண்டுவடத்தின் மேல் கிடக்கும் பிறவிக் கோளாறு அது என்றுதான் பெரும்பாலோர் வகைப்படுத்தினார்கள். அறுவை மருத்துவர்கள் முதுகெலும்பின் பல மட்டங்களை வரிசையாகத் திறந்து, அந்த நீண்ட சிரையை உரித்து எடுத்தார்கள். சிலருக்குப் பலன் கிடைத்தது. சிலர் அறுவைக்கு முன் இருந்ததைவிட மோசமானார்கள். யோசிச்சுப் பாருங்க. அது தண்டுவடத்தோட வடிகால். ஏற்கெனவே தேங்கி நிக்கிற இடத்துல வடிகாலையே பிடுங்கிட்டா என்ன ஆகும்?

லண்டன், 1974 முதல் 1977 வரை

கதையின் திருப்பம் லண்டனில். 1974-ல் மைக்கேல் அமினாஃப், பர்னார்ட், வேலன்டைன் லோக் மூவரும் ஒரு விளக்கத்தை முன்வைத்தார்கள். தண்டுவடம் சாவது ரத்தம் கசிந்ததால் அல்ல, குழாய் அழுத்தி நசுக்கியதாலும் அல்ல. சிரையின் அழுத்தம் உயர்ந்துவிட்டதால் தமனிக்கும் சிரைக்கும் இருந்த வித்தியாசம் குறைந்து, திசுவுக்குள் ரத்தம் ஓடுவதே நின்றுபோகிறது. மூச்சுத்திணறல்தான், ஆனால் ரத்த ஓட்டத்தில்.

அதே ஆண்டு அமினாஃபும் லோகும், தாங்கள் தொடர்ந்து கவனித்த நோயாளிகளுக்கு என்ன ஆனது என்று வெளியிட்டார்கள். சிகிச்சை இல்லாமல் விட்டால், நடையில் கோளாறு தொடங்கிய மூன்று ஆண்டுகளுக்குள் பாதிப் பேர் கடுமையாக முடங்கிவிடுகிறார்கள். மெதுவா வர்ற நோய்னு சொல்லி உட்கார்ந்திருக்க நேரம் இல்லைங்கிறதை அந்தக் கணக்கு காட்டிடுச்சு.

1977-ல் ரேடியாலஜிஸ்ட் பிரையன் கெண்டல், அறுவை மருத்துவர் லோகுடன் சேர்ந்து ஆஞ்சியோகிராம்களை நுணுக்கமாகப் பார்த்தார். ரத்தம் சிரைக்குள் நுழையும் இடத்தைத் தேடிப் பின்னோக்கிப் போனார்கள். தண்டுவடத்தின் மேல் இல்லை. உறையில், நரம்பு வெளியேறும் அந்தச் சின்ன இடத்தில் இருந்தது ஷார்ட்கட். அங்கிருந்து ஒரே ஒரு சிரை உள்ளே போய்த் தண்டுவடத்தின் சிரைகளை நிரப்புகிறது. அந்த நீண்ட நெளிவான சிரை, பிறவிக் கோளாறு இல்லை. அளவுக்கு மீறிய அழுத்தத்தைத் தாங்கித் தாங்கி வீங்கிய சாதாரணச் சிரை.

அறுவைச் சிகிச்சை தலைகீழாக மாறியது. முதுகைப் பல மட்டங்களில் திறக்க வேண்டாம். ஒரே மட்டத்தில் சிறிதாகத் திறந்து, ஃபிஸ்டுலாவையும் உள்ளே போகும் அந்தச் சிரையின் தொடக்கத்தையும் மூடினால் போதும். வீங்கிய சிரையைத் தொடவே வேண்டாம். அழுத்தம் இறங்கியதும் அது தானாகச் சுருங்கும்.

இப்போ 1926-க்குத் திரும்பிப் போவோம். குழாய்க்குள்ள அடைப்பு இல்லைன்னு ஃபுவாவும் அலஜுவானினும் எழுதினாங்கன்னு சொன்னேன்ல? பின்னாடி வந்த பல பேர், ஃபுவா-அலஜுவானின் நோய்னா சிரைகளுக்குள்ள ரத்தம் உறைஞ்சு போறதுன்னு எழுத ஆரம்பிச்சாங்க. ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் எழுத, அதுவே பாடம் ஆயிடுச்சு. உறைஞ்சு போச்சுன்னா முடிஞ்சு போச்சு, இனி ஒண்ணும் பண்ண முடியாதுன்னு அர்த்தம். தேங்கி நிக்குதுன்னா வழியைத் திறந்துவிடலாம்னு அர்த்தம். ஒரு வார்த்தையில ஒரு நோயாளியோட எதிர்காலம் இருக்கு.

எம்ஆர்ஐ வந்த பிறகும்

1980-களில் எம்ஆர்ஐ வருகிறது. ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை. முதன்முறையாகத் தண்டுவடமே படத்தில் தெரிகிறது. ஃபிஸ்டுலா இருக்கும் நோயாளியின் டி2 வகைப் படத்தில் இரண்டு அடையாளம் இருக்கும். ஒன்று, தண்டுவடத்தின் கீழ்ப்பகுதி நீர்கோத்து வெள்ளையாக மின்னும். இன்னொன்று, அதன் பின்பக்கம் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள், புழு ஊர்ந்த தடம் மாதிரி. ரத்தம் வேகமாக ஓடும் இடத்தில் எம்ஆர்ஐக்கு சிக்னல் வராது, அதனால் கறுப்பு. லிபியோடாலில் பார்த்த அதே பாம்பு, அறுபது வருஷம் கழிச்சு வேற வேஷத்துல வந்து நிக்குது.

எம்ஆர்ஐ மட்டுமே பார்த்த நோய்களும் உண்டு. தண்டுவடத்துக்குள் வரும் கேவர்னோமா என்ற சிறு ரத்தக்குழாய் முடிச்சில் ரத்தம் மிக மெதுவாக ஓடுவதால் ஆஞ்சியோகிராமில் தெரியாது. எம்ஆர்ஐயில்தான் தெரியும். அதேபோல் தண்டுவடத்துக்குள்ளேயே தமனியும் சிரையும் பின்னிக்கிடக்கும் கோளாறு இளம் வயதிலேயே திடீர் ரத்தக்கசிவாக வெளிப்படலாம். அதன் முழு வரைபடத்துக்கு ஆஞ்சியோகிராம் வேண்டும். எல்லாத்தையும் காட்டுற ஒரே படம்னு எதுவும் கிடையாது.

இன்றைய வழக்கம் இப்படி: முதலில் எம்ஆர்ஐ சந்தேகத்தைக் கிளப்பும். பிறகு கான்ட்ராஸ்ட் ஏற்றி எடுக்கும் எம்ஆர் ஆஞ்சியோகிராம், ஃபிஸ்டுலா எந்த மட்டத்தில் இருக்கலாம் என்று சொல்லும். அதை உறுதி செய்வது இன்னமும் செல்டிங்கர் வழியில் போகும் டிஎஸ்ஏதான். சில சமயம் ஃபிஸ்டுலா இடுப்பெலும்புக்குள் இருக்கும். சில சமயம் மண்டையோட்டுக்குள் இருந்துகொண்டு கழுத்து வழியே கீழே வடியும். அதனால் தேடுகிறவர் விடாமல் தேட வேண்டும்.

இவ்வளவு வந்த பிறகும் இந்த நோயைக் கண்டுபிடிக்கச் சராசரியாக ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது என்று பல நாட்டு மருத்துவர்கள் எழுதுகிறார்கள். அரிய நோய், பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு ஐந்திலிருந்து பத்துப் பேருக்கு வருவதாகக் கணக்கு. பெரும்பாலும் ஐம்பது வயது தாண்டிய ஆண்கள். அந்த வயசுல கால் தளர்ந்தா டிஸ்க் பிரச்சினைன்னு சொல்வாங்க. சிறுநீர் தொந்தரவுன்னா பிராஸ்டேட்னு சொல்வாங்க. ரெண்டையும் சேர்த்து யோசிக்க ஒரு ஆள் வேணும். இடுப்புக்கு மட்டும் எம்ஆர்ஐ எடுத்து, மேலே நெஞ்சுப் பகுதியைப் பார்க்காமல் விடுவதும் நடக்கிறது.

இன்னொரு முக்கியமான விஷயம். அந்த வெள்ளை மின்னலைப் பார்த்துத் தண்டுவட அழற்சி என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுப்பதுண்டு. ஃபிஸ்டுலா இருப்பவர்களில் சிலர் ஸ்டீராய்டுக்குப் பிறகு வேகமாக மோசமானதைப் பல மருத்துவ அறிக்கைகள் பதிவு செய்திருக்கின்றன. கறுப்புப் புள்ளிகளையும் கவனிச்சிருந்தா வேற முடிவு எடுத்திருப்பாங்க. புள்ளிகள் படத்துல இருந்துச்சு. பார்க்கிற கண்ணுதான் வேணும்.

சிகிச்சைக்குப் பிறகு பலருக்கு நடை மேம்படுகிறது. சிறுநீர்க் கட்டுப்பாடு அந்த அளவுக்குத் திரும்புவதில்லை. சிகிச்சைக்கு வரும்போது எந்த நிலையில் இருந்தார்கள் என்பதுதான் பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது. ஊன்றுகோலோடு வந்தவருக்கும் சக்கர நாற்காலியில் வந்தவருக்கும் நடுவில் இருப்பது, பல நேரங்களில் சில மாதங்கள்தான்.

நான் டாக்டர் இல்ல. இதைக் கேட்டுட்டு கால் மரத்துப் போறவங்க எல்லாரும் டிஎஸ்ஏ எடுக்கச் சொல்லிக் கேட்காதீங்க. ஆனா உங்க வீட்டுல பெரியவங்க யாருக்காவது நடை மெல்ல மெல்லக் குறைஞ்சுக்கிட்டே வருது, கூடவே சிறுநீர்த் தொந்தரவும் இருக்கு, இடுப்பு எம்ஆர்ஐ பார்த்தும் காரணம் பிடிபடலைன்னா, ஒரு நரம்பியல் மருத்துவர்கிட்ட போய், "மேல தண்டுவடம் முழுக்கப் பார்க்கணுமா டாக்டர்?"னு கேளுங்க. அந்த ஒரு கேள்வி கேட்கிற இடத்துக்கு வந்து சேர, மருத்துவத்துக்கு 1926-லிருந்து 1977 வரைக்கும் ஆச்சு.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.